அப்னா ஊதிய வெள்ளிக்கிழமைகள்

அத்தியாயம் 14

சுல்தானை நாடு கடத்தி இன்றோடு இருபத்தெட்டு நாள்.

சுல்தான் ஒரு பூனை. இடையில் நாலைந்து வாரம் வாசிக்கத் தவறியவர்கள், யாரோ அரபு நாட்டு மன்னர் என்று எண்ணிப் பதற வேண்டாம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று ஆறு வயது அப்னாவுக்குத் தொய்வு வந்து, மூச்சு நெஞ்சுக்குள்ளே விசிலடிக்க, சாய்ந்தமருதிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆட்டோ பறந்ததே, அதன் மூன்று சக்கரங்களில் ஒன்றுகூட நிலத்தில் படவில்லை என்று கண்டவர்கள் சொன்னார்கள். முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்து, இரண்டு நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அன்றிலிருந்து அப்னாவின் உம்மா முஸ்பிறா துப்பறியும் அதிகாரியாக மாறிவிட்டாள்.

பிடிபட்ட முதல் சந்தேக நபர்தான் சுல்தான். இறக்காமத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வயல் வாடிக்கு அது அனுப்பப்பட்டது. வேளாண்மைக்குள் இறங்கும் யானைகள் இப்போது அதைக் கண்டு வழிமாறிப் போவதாகக் கேள்வி. இரண்டாவது ஆள், இலவம்பஞ்சுத் தலையணை. மூன்றாவது, இரவில் கொளுத்தும் நுளம்புச் சுருள். நாலாவது, வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மூலை மூலையாகக் காட்டும் சாம்பிராணி. இந்த நாலாவது கைதைப் பொறுக்க முடியாமல் முஸ்பிறாவின் வாப்பா றவூப் மாஸ்டர் மூன்று நாள் ஆணத்தில் உப்பில்லை என்று குறை சொல்லித் திரிந்தார். கத்தாரில் வேலை செய்யும் புருசன் இன்பாஸும் தப்பவில்லை. வீடியோ அழைப்பில் ஒன்றரை மணி நேரம் வைத்து விசாரித்து, சின்ன வயதில் ஓயாமல் தும்முவேன் என்ற வாக்குமூலத்தைக் கறந்துகொண்டாள்.

இத்தனை பேரை உள்ளே தள்ளியும் பிள்ளையின் இழுப்பு அடங்கவில்லை.

கிளினிக்கில் ஒரு குழாய் கொடுத்திருந்தார்கள். அதை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் முள் ஓடி ஓர் இலக்கத்தில் நிற்கும். மூச்சுக்குழாய் நன்றாகத் திறந்திருந்தால் முள் தூரம் ஓடும், சுருங்கியிருந்தால் கிட்டவே நின்றுவிடும். காலையும் மாலையும் ஊதி, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வர வேண்டும்.

வீட்டில் இன்னோர் அவசரமும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும். பெண் பிள்ளை பிறந்தால் தொட்டில் வாங்க மறந்தாலும் மறப்பார்கள், வீட்டுக்குக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து பறிக்க மறக்க மாட்டார்கள். கீழ் வீடு மூத்தவள் முஸ்பிறாவுக்கு எழுதியாயிற்று. அதன் தலையில் ஏறிக்கொண்டிருந்த மேல் வீடு தங்கை றினோஸாவுக்கு. நிக்காஹுக்கு இன்னும் நாற்பது நாள். மாப்பிள்ளை றினாஸ், மருதமுனையில் சாரமும் சேலையும் விற்கும் குடும்பம். அவருடைய தாய் உம்மு, சம்பந்தம் பேசும் பேச்சுக்கால் நடந்த அன்றே, குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்குமுன், பூச்சு முடியாத வீட்டுக்குத் தன் மகன் கால் வைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்தப் பெண்மணி ஒரு சுவரைப் பார்த்தாலே சுவர் நிமிர்ந்து நிற்கும் என்று மருதமுனையில் பேசிக்கொள்வார்கள்.

புதன்கிழமை காலை கிளினிக்.

டொக்டர் பாண்டிருப்பிலிருந்து வருகிற இளம் பெண், ஒருவரையும் அவசரப்படுத்தாதவர். முஸ்பிறாவின் கொப்பியைக் கையில் வாங்கியதும் அவருக்குக் கொஞ்சம் கை தாழ்ந்தது. இலக்கம் மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்கள். முஸ்பிறாவோ நூற்றி இருபது பக்கம் எழுதியிருந்தாள். யார் வீட்டில் கருவாடு பொரித்தார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, வந்துபோன மாமி என்ன அத்தர் பூசியிருந்தாள், எல்லாம் நேரத்தோடு. டொக்டர் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு, ஒரு வாரத்துக்கு இரவல் தர முடியுமா என்று கேட்பது போலிருந்தது அவர் முகம்.

பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போய், ஐந்து இடத்தில் வட்டம் போட்டார். மற்ற நாட்களில் நூறு, நூற்றிப்பத்து. இந்த ஐந்து நாள் மாலையிலும் நூற்றி நாற்பது.

பக்கத்தில் நின்ற றவூப் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். முதல் வட்டம் வெள்ளி. இரண்டாவதும் வெள்ளி. கடைசி இரண்டும் வெள்ளி, வெள்ளி. மாஸ்டர் வாயைத் திறந்தார். பேச்சு ஒரு குத்பா பிரசங்கத்தின் நீளத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இறைவன் இறக்கும் பறக்கத்தைப் பற்றி டொக்டருக்கும், தாதிக்கும், வரிசையில் இருந்த பதினாறு தாய்மாருக்கும் விளக்கி, சாம்பிராணியை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்று முடித்தார்.

டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். சாம்பிராணிப் புகையும் இந்தப் பிள்ளைக்குக் கூடாதுதான், அது வெளியே இருப்பதே நல்லது, ஆனால் வீட்டுக்குள்ளே அதைவிடப் பெரிய ஆள் ஒருவர் நிற்கிறார் என்றார். பிறகு பேனையால், மாஸ்டர் தாண்டிப்போன நடு வட்டத்தைத் தட்டினார். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“என்ன நடந்தது எண்டு நல்லா எழுதியிருக்கிறீங்க,” என்றார் டொக்டர் முஸ்பிறாவிடம். “இந்த அஞ்சு நாளும் வீட்டில என்ன நடக்கல்ல எண்டு பாருங்க.”

முஸ்பிறா தலையைக் குனிந்து கொப்பியை மூடினாள். கொஞ்சம் வேகமாகவே மூடினாள்.

குடும்பத்தில் யாருக்காவது தொய்வு, தோல் கடி, தீராத தும்மல் இருக்கிறதா என்று டொக்டர் இரண்டாம் தடவையாகவும் கேட்டார். கழுத்தில் கத்தி வைத்தாலும் இல்லை என்றார் மாஸ்டர். காலையும் மாலையும் வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்ப்பை, பழகிப்போகும் என்று யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னார். இன்னொரு தடவை அன்றைக்கு வந்ததுபோல் வரவிடக் கூடாது, அது விளையாட்டில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்னா குழாயை மேசையில் வைத்து, பெரியவர்களும் ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

றவூப் மாஸ்டர் முப்பத்திரண்டு வருடம் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் விசில் அடித்தால் கரையில் வலை இழுப்பவர்கள்கூட வரிசையில் நின்றுவிடுவார்களாம். குழாய் வெடித்துவிட்டால் கிளினிக்கில் யார் பதில் சொல்வது என்று கவலைப்பட்டபடி அதை வாங்கினார்.

“நேரா நில்லுங்க மூத்தாப்பா,” என்றாள் அப்னா. “வாய் ஓரத்தால காத்து விடப்படாது.”

மாஸ்டர் ஊதினார். முள் இருநூற்றிப் பத்தில் நின்றது. குழாய் பழுது என்றார். முஸ்பிறா ஊதினாள், முந்நூற்றி எண்பது. மாஸ்டர் மறுபடி ஊதினார், இருநூறு. மூன்றாம் தடவை முடிந்தபோது, ஆளைச் சுற்றி ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்டது. இந்தத் தடவை விசில் கையில் இல்லை. நெஞ்சுக்குள் இருந்தது.

முஸ்பிறா வாப்பாவைக் கதிரையில் இருத்தி விசாரணையை ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. வருடா வருடம் மாரியில் அவருக்கு வரும் தடிமன், தடிமனே இல்லை. பதினைந்து வயது வரை தொய்வு, தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் நித்திரை. அவருடைய தாய்க்கும் அது. இரண்டு சகோதரர்களுக்கும் அது.

“அப்ப டொக்டர் ரெண்டு தரம் கேட்டாவே வாப்பா?”

“அவ உங்கட குடும்பத்தில எண்டுதானே கேட்டா. நீங்க உங்கட உம்மாட குடி. நான் வேற குடி. என்ட குடில உள்ள தொய்வு உங்கட வளவுக்குள்ள எப்படி வரும்?”

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய் வழியாகத்தான் இறங்கும். பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர் தெரிவிலிருந்து கல்யாணம் வரைக்கும் அதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்கு மூச்சுக்குழாயும் கட்டுப்படும் என்று ஒரு மனிதர் அறுபத்தாறு வருடம் மனதார நம்பியிருக்கிறார்.

“இவள்ற மூக்கு ஆர்ர மூக்கு வாப்பா?” என்று அப்னாவைக் காட்டிக் கேட்டாள் முஸ்பிறா.

ஊரே சொல்லும், அது மாஸ்டரின் மூக்கு என்று. மாஸ்டர் தன் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூக்கு எல்லை தாண்டியிருந்தால் மற்றதும் தாண்டியிருக்கலாம் என்ற எண்ணம் அவர் முகத்தில் மெல்ல மெல்ல இறங்குவதை, அப்னா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முஸ்பிறா கொப்பியில் அதை எழுதினாள். அடுத்த கிளினிக்குக்கு மாஸ்டரும் நோயாளியாக வர வேண்டும் என்று தீர்ப்பானது.

மேலே ஏதோ இயந்திரம் கல் அறுக்கத் தொடங்கியது. மூவரும் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பழகி ஐந்து மாதமாயிற்று.

நாலரை மணிக்கு றினோஸா அலுவலகத்திலிருந்து வந்தாள்.

காணி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தாளில் ஐந்து சிவப்பு வட்டத்தைக் கண்டால் கடந்து போகத் தெரியாதவள். ராத்தா முஸ்பிறா அடுப்படியில் இருந்தாள், வாப்பா அசர் தொழுகைக்குப் போயிருந்தார். கொப்பி மேசையில் கிடந்தது. டொக்டர் என்ன கேட்டார் என்பதை அப்னா, தன் பங்குக்கு இரண்டு பொய் சேர்த்து, சாச்சியிடம் ஒப்பித்தாள்.

வெள்ளி, வெள்ளி, செவ்வாய், வெள்ளி, வெள்ளி.

அந்தச் செவ்வாய்க்கிழமை றினோஸாவுக்கு எங்கேயோ தெரிந்த நாளாக இருந்தது. அன்றைக்கு மழையா? இல்லை. விடுமுறையா? இல்லை. போனை எடுத்தாள்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அவள் மேல் வீட்டைப் படம் எடுத்து றினாஸுக்கு அனுப்புவது வழக்கம். சன்னல் ஓட்டை ஒரு நாள், படிக்கட்டு ஒரு நாள், மேசன் பூசி முடித்த அரைச் சுவர் ஒரு நாள். அவர் ஒவ்வொன்றுக்கும் இதயம் ஒன்று அனுப்புவார். உலகத்திலேயே சீமெந்துச் சுவர்களுக்கு அதிக இதயம் கிடைத்தது அந்த வீட்டில்தான். இப்போது அவள் விரலால் அந்தப் படங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். சனி, ஞாயிறு, திங்கள், படம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் படம் இல்லை, ஜும்ஆ நாள், வேலையாட்கள் வருவதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். படம் இல்லை. ஒரு செய்தி மட்டும் இருந்தது. யாரோ இறந்து, மேசன் பாஸ் மையத்து வீட்டுக்குப் போய்விட்டார், இன்றைக்கு வேலை நடக்கவில்லை என்று அவளே எழுதி, அழுகிற முகம் ஒன்று போட்டிருந்தாள்.

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

எழுந்து அப்னா படுக்கும் அறைக்குப் போனாள். புதிதாகப் போட்ட கொங்கிறீட் பிளேட் அந்த அறைக்கு நேர் மேலே. அது இறுகட்டும் என்று வாரக்கணக்காக ஊற்றிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கியிருந்தது. அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பின்னால் சுவரில் ஓதம் ஏறி, கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம், ஒரு பாய் அளவுக்கு. சன்னல் கட்டையில் விரல் வைத்தாள். காலையில் துடைத்த கட்டை. விரல் சாம்பலாக வந்தது.

வேலை நிற்கிற நாளில்தான் பிள்ளையின் முள் தூரம் ஓடுகிறது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். டொக்டருக்குத் தெரியாது, வாப்பாவுக்குத் தெரியாது. நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடும் முடியும், நிக்காஹும் முடியும். இருபத்தேழு வயதில், மூன்று சம்பந்தம் கலைந்து, நாலாவதாக வந்தவர் றினாஸ். சுவருக்கு இதயம் அனுப்புகிற மனிதர் இன்னொருவர் கிடைப்பாரா என்பது பெரிய கேள்விதான்.

இருந்தும், கொப்பியை எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போகலாம் என்று மேசைக்குத் திரும்பினாள். முதல் பக்கம் விரிந்தது. முஸ்பிறா தயாரித்த சந்தேக நபர் பட்டியல். பூனை, தலையணை, சுருள், சாம்பிராணி. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதி, பேனையால் தாள் கிழியும் அளவுக்கு வெட்டியிருந்தாள். றினோஸா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“மேல் வேலை” என்று இருந்தது.

அடுப்படியில் முஸ்பிறா தங்கையின் கையில் கொப்பியைக் கண்டாள், முகத்தையும் கண்டாள். அதற்குப் பிறகு அவளிடம் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“எப்ப இருந்து தெரியும் ராத்தா?”

“போன வெள்ளி. இல்ல, அதுக்கு முந்தின வெள்ளி.”

“பிறகு ஏன் வெட்டினீங்க?”

“நாப்பது நாள்தானே கா. பம்ப் இரிக்கி. நான் இவளோட முழிச்சிருந்து பாத்துக்கிறன். டொக்டர் வேற என்னத்தையாச்சும் சொல்லுவாவாக்கும் எண்டுதான் இண்டைக்குப் போனன்.” முஸ்பிறா கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடி கழுவினாள். “உன்ட கலியாணத்த என்ட வாயால நிப்பாட்டச் சொல்றியா?”

றினோஸா கொப்பியை மூடி ராத்தாவின் பக்கத்தில் வைத்தாள். படியேறி மேலே போனாள்.

மேசன் அச்சிமுகம்மது பாஸ் நடு அறைச் சுவரில் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். வேலையை இத்தோடு நிறுத்துங்கள் என்றாள். நாளைக்கா என்று கேட்டார். இப்போது என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியாது என்றாள். முப்பது வருடத்தில் கல்யாணப் பெண்ணே வந்து தன் வீட்டு வேலையை நிறுத்தியதை அவர் கண்டதில்லை.

“குழைச்ச சீமெந்து இரிக்கே புள்ள,” என்றார் கடைசி நியாயமாக.

“கொண்டு போய் உங்கட வீட்டுப் படியில பூசுங்க பாஸ்.”

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய றவூப் மாஸ்டர், வேலையாட்கள் ஐந்தே காலுக்கே சைக்கிளை எடுப்பதைக் கண்டு படியேறி வந்தார். பதினாறு படி. பாதியில் நின்று மூச்சு வாங்கி, மீதியை ஏறினார். விசயம் தெரிந்ததும், பள்ளிவாசலில் நிக்காஹ் திகதி எழுதியாயிற்று, எண்ணூறு பேருக்குச் சொல்லியாயிற்று, உம்முவுக்கு யார் முகம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பிள்ளையை வேண்டுமானால் கொஞ்ச நாள் வேறு வீட்டில் விடலாம் என்றார். யார் வீட்டில் என்று றினோஸா கேட்டாள். தெருவில் உள்ள வீடுகளை அவர் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், எல்லா வீட்டிலும் பெண் பிள்ளை. அந்தத் தெருவில் சீமெந்து குழைக்காத வீடு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

றினோஸா, வாப்பாவின் முன்னாலேயே, றினாஸுக்குப் போன் எடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், வட்டம், செவ்வாய்க்கிழமை, அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர். பிறகு, எங்கள் கரையில் எந்தப் பெண்ணும் எந்த மாப்பிள்ளையிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“நிக்காஹ் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு நான் உங்கட வீட்டில வந்து இருக்கட்டா?”

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் ஈரம், கை பதிந்தது.

போனுக்குள் றினாஸ் தொண்டையைச் செருமினார். தனக்குச் சம்மதம்தான் என்றார். ஆனால் தங்கச்சி ஸுஹைறாவுக்கு அங்கேயும் மேலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். தான் இப்போது நிற்பதே சீமெந்துப் பைக்கு மேல்தான் என்றார். பிறகு றினாஸ், இன்னும் தாழ்ந்த குரலில், ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன் என்றார்.

“உம்மா பக்கத்திலதான் இரிக்கிறாங்க. போன் ஸ்பீக்கர்ல போட்டிருந்தன்.”

மாஸ்டர் இரண்டு கையாலும் போனை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். றினோஸா வைக்கவில்லை. மறுமுனையில் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

“மகள்,” என்றார் உம்மு. “அந்தப் பிள்ளை இண்டைக்கு எங்க படுக்கும்?”

“என்ட அறையில மாமி. அது பின்பக்கம், ஓதம் இல்ல.”

“அப்ப நீங்க?”

“மேல.”

“கதவு போட்டாச்சா மேல?”

“இல்ல மாமி. கதவும் இல்ல, பூச்சும் பாதி. நாளைக்குக் கழுவித் துடைச்சா தூசி போயிரும். அதுக்குப் பிறகு இந்த வீட்டில ஒரு பை சீமெந்தும் உடைக்க விடமாட்டன், பிள்ளைக்கு மூச்சு நேராகிற வரைக்கும்.” அவள் ஒரு தடவை வாப்பாவைப் பார்த்தாள். “திகதி அப்படியே இரிக்கட்டும். நிக்காஹ் நடக்கிறதெண்டா இப்படி இரிக்கிற வீட்டிலதான் நடக்கும். இதுக்குள்ள வர ஏலுமா எண்டு உங்கட மகனிட்டக் கேளுங்க.”

மாஸ்டர் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே, தன் அறையிலிருந்து தலையணையைச் சாச்சியின் அறைக்கு இழுத்துக்கொண்டு போகும் அப்னாவின் சத்தம் கேட்டது. முஸ்பிறா படிக்கட்டின் அடியில் வந்து நின்று, மேலே ஏறாமல், காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உம்மு மகனிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. பதிலும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.